மறதியும் மருந்துக்கடைக் குளிசைகளும்



வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் இருக்கும்போது எம்மவர் மத்தியில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "அம்மாவுக்கு ஞாபகம் குறைஞ்சு கொண்டு வருது, என்ன குளிசை வாங்கிக் குடுக்கலாம்?" என்பதே அது. கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதுப் பிள்ளைகள். மருந்துக்கடையில் ஒரு முழுத் தட்டு நிறைய "மூளைக்கு நல்லது" என்ற போத்தல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. போதாததற்கு ஊரிலிருந்து வருபவர்கள் வல்லாரைத் தூளும் கொண்டு வருகிறார்கள். இவற்றில் எது பயன் தரும், எது வீண் செலவு, எது ஆபத்து என்று ஆராய்ச்சிகள் சொல்வதை இங்கு பார்ப்போம். கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் ஒரு விற்றமினைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேசப் போகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

எந்த மறதி இயல்பானது?

வயது போகப் போக மூளையின் வேகம் சற்றுக் குறைவது இயற்கை. தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியில் நின்று வராமல், இரண்டு மணித்தியாலம் கழித்துத் தானாக வருவது, மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, குசினிக்குள் போய் எதற்கு வந்தேன் என்று நிற்பது ஆகியவை எழுபது வயதில் பெரும்பாலோருக்கு வருபவை. இவற்றுக்குப் பயப்படத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது வேறு விதமான மறதி. ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் மூன்று தரம் கேட்பது. நாற்பது வருடம் சமைத்த கறியில் எதை முதலில் போடுவது என்று தடுமாறுவது. வழக்கமாக நடந்து போகும் வீதியில் வழி தவறுவது. காசுக் கணக்கில் குழம்புவது. நேற்று வந்த விருந்தாளியைப் பற்றிப் பேசினால் அப்படி ஒருவர் வரவேயில்லை என்பது. ஊரில் இதைத்தான் "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொல்லி, வயதின் மேல் பழியைப் போட்டு விட்டுவிடுவார்கள். இது வயதின் இயல்பல்ல, மூளையில் ஏற்படும் நோய் என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறியப்பட்ட விடயம். ஜேர்மனிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் தமது நோயாளி ஒருவரின் மூளையில் கண்ட மாற்றங்களை 1906 ஆம் ஆண்டிலேயே விவரித்தார்.

எமது குடும்பங்களில் இந்த நோய் பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு விசேட காரணமும் உண்டு. "அம்மா தேவாரம் முழுக்கப் பாடுறா, ஒரு சொல் பிழைக்கிறேல்லை, அவவுக்கு என்ன மறதி?" என்பார்கள். சிறு வயதில் பாடமாக்கிய பதிகங்கள், ஊர்ச் சண்டைகள், 1958 இல் நடந்தவை எல்லாம் மூளையில் ஆழப் பதிந்தவை. அவை கடைசியில்தான் போகும். நோய் முதலில் தாக்குவது புதிய செய்திகளைப் பதிந்து வைக்கும் பகுதியை. எனவே காலையில் என்ன சாப்பிட்டீர்கள், நேற்று யார் தொலைபேசியில் கதைத்தார் என்று கேட்டுப் பார்ப்பதுதான் சரியான பரீட்சை. பதிகம் பாடுவது ஞாபகசக்திக்குச் சான்று ஆகாது.

கடைக்குப் போக முன் இரத்தப் பரிசோதனை

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. நீரிழிவுக்காகப் பன்னிரண்டு வருடமாக மெற்போமின் எடுக்கிறார். நெஞ்செரிவுக்கு ஒமெப்பிரசோல். கணவர் காலமான பின் மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டு முழுச் சைவமாகிவிட்டார். பாலும் தேநீரில் விடும் இரண்டு கரண்டிதான். கடந்த ஒரு வருடமாக மறதி, எரிச்சல், களைப்பு. உள்ளங்கால் எரிகிறது, ஊசி குத்துவது போல் இருக்கிறது என்கிறார். நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறார். மகன் அறுபது டொலர் கொடுத்து ஜிங்கோ கப்சூல் வாங்கி வருகிறார்.

இந்த அம்மாவுக்கு முதலில் வேண்டியது விற்றமின் பி12 அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை. மேலே சொன்னவை ஒவ்வொன்றும் பி12 குறைபாட்டை நோக்கியே கை காட்டுகின்றன.

பி12 எந்தத் தாவரத்திலும் இல்லை. அதை உண்டாக்குபவை பக்டீரியாக்கள் மட்டுமே. விலங்குகளின் உடல் வழியாக இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் எமக்கு வந்து சேருகிறது. உணவில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக் கொண்டிருக்கும். இரைப்பையில் சுரக்கும் அமிலம் அதைப் பிரித்து எடுக்க வேண்டும். பின்னர் இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு விசேட புரதம் அதைத் தாங்கிக் கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போய் அங்கே இரத்தத்தில் சேர்க்க வேண்டும். இந்தப் பயணத்தில் எந்த இடத்தில் தடை வந்தாலும், சாப்பாட்டில் பி12 இருந்தும் பயனில்லை. வயது போனால் அமிலம் குறைகிறது. ஒமெப்பிரசோல் போன்ற மருந்துகள் அதை மேலும் குறைக்கின்றன. மெற்போமின் சிறுகுடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022 இல், மெற்போமின் எடுப்பவர்களிடம் பி12 குறைபாட்டின் அறிகுறி தென்பட்டால் அளவைப் பரிசோதிக்குமாறு வைத்தியர்களுக்கு நினைவூட்டியது. மெற்போமின் நல்ல மருந்து. இதை வாசித்துவிட்டு யாரும் அதை நிறுத்த வேண்டாம். பரிசோதனையைக் கேட்டால் போதும்.

ஈரல் பி12 ஐப் பல வருடத்துக்குப் போதுமான அளவு சேமித்து வைத்திருக்கும். அதனால் இன்று சைவமானவருக்கு நாளைக்குக் குறைபாடு வராது. மூன்று, நான்கு, ஐந்து வருடம் கழித்து மெல்ல மெல்ல வரும். அப்போது சாப்பாட்டை மாற்றியதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. "வயசு போட்டுது" என்று சொல்லிவிடுவார்கள்.

பி12 குறைந்தால் இரத்தச் சோகை வருவதோடு, நரம்புகளைச் சுற்றியுள்ள உறையும் பழுதாகிறது. கால் விறைப்பு, தள்ளாட்டம், மறதி, மனச்சோர்வு எல்லாம் அதனால் வருபவை. இதில் ஒரு பொறி இருக்கிறது. போலிக் அமிலம் என்ற இன்னொரு விற்றமின் உடலில் தாராளமாக இருந்தால், இரத்தச் சோகை வெளியில் தெரியாமலே போகலாம். நரம்புப் பழுது மட்டும் தொடரும். கனடாவில் 1998 முதல் வெள்ளை மாவில் போலிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. பிள்ளைப்பேற்றுக் குறைபாடுகளைத் தடுப்பதற்காகச் செய்த மிக நல்ல காரியம் அது. ஆனால் பாணும் பிட்டும் சாப்பிடும் எமது முதியவருக்கு, இரத்தச் சோகை இல்லை என்ற ஒரே காரணத்தால் பி12 போதியளவு இருக்கிறது என்று எண்ணிவிட முடியாது.

இந்த நோய்க்கு ஒரு காலத்தில் மருந்தே இல்லை. தினமும் பெருமளவு ஈரல் சாப்பிட வைத்தால் நோயாளி பிழைக்கிறார் என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க வைத்தியர்களுக்கு 1934 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த அந்தப் பொருளே பி12. அதன் அமைப்பை எக்ஸ் கதிர்களால் கண்டறிந்த டொரதி ஹொட்ஜ்கின் அம்மையாருக்கு 1964 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று கடையில் விற்கும் பி12 பக்டீரியாவை நொதிக்க வைத்து எடுக்கப்படுவது. எனவே சைவ உணவுக்காரர் தயங்காமல் எடுக்கலாம்.

எவ்வளவு தேவை? கனடாவில் வளர்ந்தவருக்குச் சொல்லப்படும் அளவு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம். ஒரு கோப்பைப் பாலில் ஏறத்தாழ 1.2 மைக்ரோகிராம் உண்டு. நாளுக்கு இரண்டு கோப்பைப் பாலோ தயிரோ எடுக்கும், வயிறு நன்றாக வேலை செய்யும் ஒருவருக்கு அது போதும். தேநீரில் விடும் பால் கணக்கில் வராது. சோயாப் பால் குடிப்பவர்கள் பி12 சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று லேபிளில் பார்க்க வேண்டும். எம்மவருக்குப் பழக்கமான மார்மைட்டில், பிரித்தானியத் தயாரிப்பில், பி12 சேர்க்கப்பட்டிருக்கிறது. பிரஷர் உள்ளவர்கள் அதன் உப்பைக் கவனிக்கவும். ஸ்பிருலினா என்ற பச்சைப் பாசியில் பி12 நிறைய உண்டு என்று சொல்லி விற்கிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி போலிப் பி12, மனித உடலுக்கு உதவாது. இட்லி, தோசை மா புளிப்பதாலும் நம்பத்தக்க அளவு கிடைக்காது.

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் தமக்கு வேண்டிய பி12 ஐ முக்கியமாகச் செறிவூட்டிய உணவிலிருந்தோ குளிசையிலிருந்தோ பெறுவது நல்லது என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 1998 இல் கூறியது. குளிசையில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருப்பதில்லை. அமிலம் குறைந்தாலும் உறிஞ்சப்படும். அந்த விசேட புரதமே சுரக்காதவர்களுக்குக்கூட, பெரிய அளவில் கொடுத்தால் ஏறத்தாழ 1 சதவீதம் தானாகவே குடற்சுவரைக் கடந்து செல்லும். 1000 மைக்ரோகிராம் குளிசை ஏன் அவ்வளவு பெரிய அளவில் வருகிறது என்று யோசிப்பவர்களுக்கு இதுதான் விடை. அதில் 10 மைக்ரோகிராம் உள்ளே போனாலே தேவைக்கு மேல். குறைபாடு கடுமையாக இருந்தால் வைத்தியர் ஊசி மூலம் தொடங்குவார்.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். குறைபாடு இருப்பவருக்கு மட்டுமே இது மருந்து. பி12 சரியான அளவில் இருக்கும் ஒருவர் இன்னும் எடுத்தால் ஞாபகம் கூடாது. பி விற்றமின்கள் பற்றிய 11 பரிசோதனைகளை, ஏறத்தாழ 22,000 பேரின் தரவுகளை ஒன்றாக்கி 2014 இல் வெளிவந்த ஆய்வு, இவற்றால் முதியோரின் அறிவாற்றல் மாறவில்லை என்று கண்டது. அதற்கு முன் 2010 இல் ஒக்ஸ்போர்ட்டில் 168 பேரிடம் நடந்த சிறிய ஆய்வொன்றில், இலேசான ஞாபகக் குறைவு உள்ளவர்களுக்குப் பி விற்றமின்கள் கொடுத்தபோது மூளை சுருங்கும் வேகம் குறைந்தது. அதிகம் பயன்பெற்றவர்கள் இரத்தத்தில் ஹோமோசிஸ்ரீன் என்ற பொருள் கூடியிருந்தவர்கள். பி12 குறையும்போது கூடுகின்ற பொருள் அது. அல்சைமர் நோய் ஏற்கனவே வேரூன்றியவருக்குப் பி12 கொடுத்து அந்த நோயைத் திருப்ப முடியாது. ஆனால் குறைபாட்டினால் வந்த மறதியும் கால் விறைப்பும் ஆரம்பத்திலேயே பிடிபட்டால் தேறக்கூடியவை. பிந்தினால் நரம்புப் பழுதில் ஒரு பகுதி நிரந்தரமாகிவிடும். ஜிங்கோ போத்தல் முடியட்டும், பார்ப்போம் என்று காத்திருக்கும் ஆறு மாதம் இதனால்தான் விலை உயர்ந்தது.

ஜிங்கோவும் மற்றவையும்

ஜிங்கோ சீனாவின் பழைமையான மரம் ஒன்றின் இலைச் சாறு. ஞாபகசக்திக்கென்று உலகில் மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று. இதை அமெரிக்க அரசு பெருஞ் செலவில் பரிசோதித்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேர்; ஒரு பாதிக்கு நாளுக்கு இரு தரம் 120 மில்லிகிராம் ஜிங்கோ, மறு பாதிக்கு அதே தோற்றமுள்ள வெற்றுக் குளிசை; ஏறத்தாழ ஆறு வருடம். 2008 இல் முடிவு வெளிவந்தது. ஜிங்கோ எடுத்தவர்களில் 277 பேருக்கும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 246 பேருக்கும் முதுமை மறதி நோய் வந்திருந்தது. அதாவது பயனில்லை. பிரான்சில் 2,854 பேரிடம் ஐந்து வருடம் நடத்திய ஆய்வும் 2012 இல் அதையே சொன்னது. இவ்வளவு தெளிவான விடை மருத்துவத்தில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். இருந்தும் போத்தல் இன்னும் தட்டிலிருந்து இறங்கவில்லை.

விற்றமின் ஈ விடயம் சற்றுச் சிக்கலானது. 1997 இலும் 2014 இலும் வெளிவந்த இரு ஆய்வுகளில், ஏற்கனவே அல்சைமர் நோய் உள்ளவர்களுக்கு நாளுக்கு 2000 அலகு கொடுத்தபோது, உடுப்பது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறைவது சற்றுத் தாமதமானது. ஞாபகம் திரும்பவில்லை. 2005 இல் இலேசான ஞாபகக் குறைவு உள்ள 769 பேரிடம் செய்த ஆய்வில், விற்றமின் ஈ நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை. அதேவேளை 2011 இல், நாளுக்கு 400 அலகு எடுத்த ஆண்களில் சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்ததாக ஒரு பெரிய ஆய்வு காட்டியது. வைத்தியர் சொல்லாமல் தொடக்கூடிய பொருள் இதுவல்ல.

மீனெண்ணெயை ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2015 இல் ஞாபகசக்தியில் வேறுபாடு எதையும் காணவில்லை. பல விற்றமின்கள் கலந்த சாதாரணக் குளிசையில் மட்டும் சிறு நம்பிக்கைக் கீற்றுத் தெரிகிறது. 2022 இல் 2,262 முதியோரிடம் மூன்று வருடம் நடந்த ஆய்வு சிறிய நன்மையைக் கண்டது. ஆனால் 2013 இல் ஏறத்தாழ 6,000 ஆண் வைத்தியர்களைப் பன்னிரண்டு வருடம் பார்த்த ஆய்வு எதையும் காணவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டியில், பி, ஈ விற்றமின்கள், மீனெண்ணெய் வகைக் கொழுப்புகள், பல்கலவைக் குளிசைகள் ஆகியவற்றை மறதி நோயைத் தடுப்பதற்கென்று பரிந்துரைக்கக் கூடாது என்றே கூறியிருக்கிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரமான பிரெவஜன் பற்றியும் கேட்பார்கள். கடலில் ஒளிரும் ஜெலி மீனில் முதலில் கண்டெடுத்த ஒரு புரதம் அது. வாயால் உண்ணும் புரதத்தைப் பருப்புக்கும் கடலைக்கும் நேர்வது போல வயிறு துண்டு துண்டாக்கிவிடும். அது எப்படி முழுதாக மூளைக்குப் போய்ச் சேரும் என்ற சந்தேகம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. நிறுவனத்தின் சொந்த ஆய்வு 218 பேரிடம் நடந்தது. மொத்தமாகப் பார்த்தபோது வெற்றுக் குளிசையை விட மேலாக இருக்கவில்லை. 2017 இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் நியூயோர்க் மாநிலமும் வழக்குத் தொடுத்தன. 2024 டிசம்பரில் நீதிமன்றம், ஞாபகசக்தியைக் கூட்டும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என உத்தரவிட்டது. ஏழு வருடம். அதற்குள் எத்தனை போத்தல் விற்றிருக்கும்!

வல்லாரையும் மஞ்சளும்

எமது வீட்டு மருந்துகளைப் பற்றிப் பேசும்போது மனம் சற்று இளகுவது இயல்பு. யாழ்ப்பாணத்தில் வல்லாரைச் சம்பல் சாப்பிடாமல் பரீட்சைக்குப் போன பிள்ளை குறைவு. ஆனால் முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்ள வேண்டும். நாம் சம்பல் போடும் வல்லாரை ஒரு செடி. "பிரமி" என்று போத்தலில் விற்பது பெரும்பாலும் நீர்ப்பிரமி என்ற வேறொரு செடி. வட இந்தியாவில் இரண்டையுமே பிராமி என்று அழைப்பதுண்டு. எனவே ஒன்றைப் பற்றிய ஆய்வை வைத்து மற்றதை விற்பது எளிதாகிவிடுகிறது.

வல்லாரை பற்றி நடந்த பரிசோதனைகளைத் தொகுத்து 2017 இல் வெளிவந்த ஆய்வு, அறிவாற்றலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காணவில்லை. நீர்ப்பிரமி பற்றி அவுஸ்திரேலியாவில் நல்ல ஆய்வுகள் சில நடந்தன. 2001 இல் 46 பேருக்குப் பன்னிரண்டு வாரம் 300 மில்லிகிராம் கொடுத்தபோது, புதியவற்றைக் கற்கும் வேகத்தில் முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் நலமாக இருந்தவர்கள். மறதி நோயாளிகள் அல்லர். அந்த நோயைத் தடுக்கும் என்று இதுவரை யாரும் நிறுவவில்லை. வயிற்றோட்டமும் குமட்டலும் சிலருக்கு வரும். சம்பலாகச் சாப்பிடுங்கள், கீரை என்ற வகையில் நல்ல சாப்பாடு. கப்சூலாக வாங்கும்போதுதான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

மஞ்சளின் கதையும் இதைப் போன்றதே. ஹரியானா மாநிலத்தில் பல்லப்கர் என்ற ஊர்ப் பகுதியில் அல்சைமர் நோய் மிகக் குறைவாக இருப்பதாக 2001 இல் ஓர் ஆய்வு வெளிவந்ததும், மஞ்சள்தான் காரணம் என்று பலர் ஊகித்தார்கள். அந்த ஆய்வு மஞ்சளை ஆராயவேயில்லை. பின்னர் கலிபோர்ணியாவில் 40 பேருக்கு, இரத்தத்தில் நன்கு சேரும்படி விசேடமாகச் செய்த குர்க்குமினை நாளுக்கு இரு தரம் 90 மில்லிகிராம் வீதம் 18 மாதம் கொடுத்தபோது ஞாபகம் மேம்பட்டதாக 2018 இல் அறிவித்தார்கள். நல்ல செய்திதான், ஆனால் நாற்பது பேர் போதாது. ஹொங்கொங்கில் அல்சைமர் நோயாளிகளிடம் செய்த 2008 ஆம் ஆண்டு ஆய்வு பயன் எதையும் காணவில்லை. கறியில் போடும் மஞ்சளால் எந்தக் கெடுதலும் இல்லை. செறிவூட்டிய மஞ்சள் கப்சூல்களால், குறிப்பாக மிளகுச் சத்துச் சேர்த்தவற்றால், சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. அவுஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2023 இல் இது பற்றிப் பொது எச்சரிக்கை விடுத்தது.

தேங்காயெண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பவர்களும் உண்டு. அது மறதியைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. கெட்ட கொலஸ்ரரோலைக் கூட்டும் என்பதற்கு உண்டு. நடுவயதில் அந்தக் கொலஸ்ரரோல் கூடியிருப்பது பிற்கால மறதி நோய்க்கு ஒரு காரணி என்று லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் பட்டியலில் சேர்த்தது.

போத்தலின் பின்புறத்தில்

அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய பொருளை விற்க முன் அது வேலை செய்யும் என்று அரசுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. கனடாவில் 2004 முதல் ஒழுங்கு சற்று இறுக்கமானது. அனுமதி பெற்ற பொருளின் லேபிளில் எட்டு இலக்க இயற்கை நலப்பொருள் எண் இருக்கும். அது இல்லாத போத்தலை வாங்க வேண்டாம். எண் இருப்பதாலேயே மறதி தீரும் என்றும் பொருளல்ல. நெடுங்காலமாக மரபு வைத்தியத்தில் பயன்பட்டது என்ற அடிப்படையிலும் அனுமதி வழங்கப்படுகிறது.

விரதம் பிடிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கப்சூலின் மேலுறை பெரும்பாலும் ஜெலற்றின். மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருந்துகொண்டு அதை விழுங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாவர உறை என்று எழுதியிருப்பதையோ அமுக்கிச் செய்த குளிசையையோ தேர்ந்தெடுக்கலாம்.

பெயர்ப் பட்டியும் எண்ணும் இல்லாமல் வரும் தூள்கள், லேகியங்கள் பற்றி எனக்கு அதிக கவலை உண்டு. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சுற்றியுள்ள தென்னாசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைப் பரிசோதித்து 2004 இல் வெளியிட்டார்கள். 14 இல் ஈயம், பாதரசம், ஆசனிக் ஆகிய நச்சுப் பொருட்களில் ஒன்றோ பலவோ இருந்தன. ஐந்தில் ஒன்று. ஈயம் மூளையைக் கெடுக்கும் பொருள் என்பதை எண்ணிப் பார்த்தால், ஞாபகத்துக்கென்று அதையே கரைத்துக் குடிப்பது எவ்வளவு கொடுமை!

மருந்தோடு மருந்து மோதினால்

இருதய நோய்க்காக வார்பரினோ அஸ்பிரினோ எடுக்கும் முதியவர் எம்மவரில் ஏராளம். ஜிங்கோவும் அதிக அளவு விற்றமின் ஈயும் இரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடியவை. மூன்றும் சேர்ந்தால், விழுந்து தலையில் அடிபடும்போது மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடும். "இயற்கையானது, பக்க விளைவு இல்லை" என்று கடைக்காரர் சொல்வது இந்த இடத்தில் உயிருக்கே உலையாகலாம். சத்திர சிகிச்சைக்குப் போகிறவர்கள் இவற்றை எடுப்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வீட்டில் இருக்கும் சில குளிசைகளே மறதிக்குக் காரணமாக இருக்கின்றன. நித்திரை வருவதற்கென்றும் தடிமலுக்கென்றும் துண்டில்லாமல் வாங்கும் மருந்துகள் பலவற்றில் டைபென்ஹைட்ரமின் என்ற பொருள் இருக்கிறது. முதியவருக்கு அது குழப்பத்தையும் மந்தத்தையும் உண்டாக்கும். அப்பாவின் மறதி கூடிவிட்டது என்று புதிதாக ஒரு போத்தல் வாங்க முன், ஏற்கனவே இருக்கும் ஒரு போத்தலை நிறுத்தலாமா என்று கேட்பது சில வேளை கூடிய பலன் தரும். தைரொயிட் சுரப்பு குறைவதும் மனச்சோர்வும் மறதியாகத் தோன்றும். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் நாள் முழுவதும் நான்கு சுவருக்குள் தனித்திருக்கும் பெற்றோரிடம் மனச்சோர்வு எவ்வளவு இருக்கிறது என்பதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

குளிசைக்கு வெளியே, சான்று வலுவாக இருக்கும் இரண்டைச் சொல்கிறேன். முதலாவது இரத்த அழுத்தம். 9,300 க்கு மேற்பட்டோர் பங்குபற்றிய அமெரிக்க ஆய்வில், மேல் அளவை 140 க்குக் கீழ் வைத்தவர்களை விட 120 க்குக் கீழ் வைத்தவர்களுக்கு இலேசான ஞாபகக் குறைவு வருவது 19 சதவீதம் குறைந்திருந்ததாக 2019 இல் கண்டார்கள். எவ்வளவு இறக்கலாம் என்பதை வைத்தியர்தான் ஆளுக்கேற்பத் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது காது. 70 முதல் 84 வயதான 977 பேரிடம் நடந்து 2023 இல் வெளிவந்த ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இருதய நோய், நீரிழிவு போன்றவற்றால் ஆபத்துக் கூடியிருந்தவர்களில், கேட்கும் கருவி அணிந்தோரின் அறிவாற்றல் குறையும் வேகம் மூன்று வருடத்தில் 48 சதவீதம் குறைந்தது. எமது முதியவர்கள் கேட்கும் கருவியை வெட்கம் என்று லாச்சிக்குள் வைத்துவிடுகிறார்கள். கேட்காதது ஞாபகத்தில் பதியாது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும், சற்று உரத்து.

வைத்தியரிடம் போகும்போது

பிள்ளை ஒருவர் கூடப் போவது அவசியம். தமக்கு மறதி இருப்பதையே மறந்தவர், "எனக்கு ஒண்டுமில்லை டொக்டர்" என்றுதான் சொல்வார். கடந்த ஆறு மாதத்தில் நடந்த நான்கைந்து சம்பவங்களைத் திகதியோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். ஆங்கிலம் சரளமாக வராத ஒருவரை ஆங்கிலத்தில் சோதித்தால், மொழிச் சிக்கலே மறதி போலத் தெரியும். மொன்றியலில் உருவாகி உலகெங்கும் பயன்படும் பத்து நிமிட ஞாபகப் பரீட்சை தமிழிலும் இருக்கிறது. அதைக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் முன்னரே கேட்கலாம். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தால், விடையையும் அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

பி12, தைரொயிட், இரத்தச் சீனி, இரத்தச் சோகை ஆகியவற்றைப் பார்த்தீர்களா என்று வைத்தியரிடம் நேராகக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பி12 குளிசை ஏற்கனவே எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இரத்தத்தில் அளவு கூடியிருப்பதற்கு அது காரணமாகலாம். வீட்டிலுள்ள எல்லாப் போத்தல்களையும், அம்மா சாமியறை மாடத்தில் வைத்திருக்கும் தூள் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். வைத்தியருக்கு நேரமில்லையென்றால் மருந்துக்கடையில் மருந்தாளரிடம் அந்தப் பையைக் கொடுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, எது எதோடு சேரக் கூடாது என்று அவர் சொல்வார்.